உயிரணுக் காட்சியில் ஐயமும் திரிபும்

கண்ணாற் கண்டதெல்லாம் மெய்யாய்விடாது. கண் பழுதற்றதாயினும் ஒளி குறைந்தவழிக் கயிறு அரவாகத் தோன்றும். தொலைவில் நிற்பது தறியோ மகனோ என உள்ளம் ஊசலாடும். ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிதல் திரிபு; இதுவோ அதுவோ எனத் துணியாது நிற்றல் ஐயம். அளவைநூல் வல்லார் எடுத்தோதும் இவ்விரு குற்றங்களும், உயிர்நூலார் உயிரணுவின் உள்ளுறுப்புக்களை ஆராய்ந்தவிடத்தும் நிகழ்ந்தன. கோல்ஜி உறுப்பு என வழங்கப்படுவதன் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

புல் முதல் மக்கள் ஈறாக உயிருடம்புகள் யாவும் உயிரணுக்களால் ஆயவை. உயிரணுவோ நுண்ணோக்கியின் துணையாலேயே காணப்படுவது. பெரும்பாலும் நிறமின்றி ஒளி ஊடுருவ நிற்பது. ஆகலின் சாயமூட்டினாலன்றி அதன் உள்ளுறுப்புக்கள் வேறுவேறாக விளங்கா. சாயமோ உள்ளதைக் காட்டுதலோடு, ஒரோவழி இல்லாத உருவத்தையும் தோற்றுவிக்க வல்லது. இவ்விடர்ப்பாடே பின்வரும் வழக்கிற்கு வித்தாயிற்று.

இத்தாலி நாட்டில் 1843-ஆம் ஆண்டிற் பிறந்தவர் கமில்லோ கோல்ஜி என்னும் மருத்துவர். அவர் அப்பியாதேகிராசோ என்னும் சிற்றூரில், தீராநோயாளர் உறையும் மருத்துவமனையிற் பணிபுரிந்த காலத்துச் சமையலறையொன்றைத் தம் ஆய்வுக்கூடமாகக் கொண்டார். மூளையின் சிறு துண்டங்களைப் பொட்டாசியம் டைகுரோமேட்டிற் பதப்படுத்தி, வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து, 1873-ஆம் ஆண்டில் ஒரு புதுமுறையை வெளியிட்டார். அம்முறையால் எண்ணிறந்த நரம்பணுக்களுள் மிகச் சிலவே கரிய நிறம் பெற்றன. நிறம் பெற்றவையோ வேரும் கிளையுமாக முழுவதும் விளங்கின. அடர்ந்த காட்டினுள் ஒரு மரம் மட்டும் தனித்துத் தோன்றினாற்போன்றது அது.

எனினும், அக்கருவியை உலகிற்களித்த அவரே அதனாற் பெறத்தக்க முடிபைப் பெறாதொழிந்தார். நரம்பணுக்கள் யாவும் இடையறவின்றித் தொடர்ந்த ஒரே வலை என்பது அவர் கொள்கை. ஸ்பெயின் நாட்டு அறிஞர் சந்தியாகோ ரமோன் இ கஹால் அம்முறையையே திருத்திக் கையாண்டு, நரம்பணுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நிற்பன என்று நிறுவினார். 1906-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு இருவர்க்கும் பகுத்தளிக்கப்பட்டது. அம்மேடையிலும் கோல்ஜி தம் பழங்கொள்கையையே நாட்டி, கஹாலின் முடிபை மறுத்துரைத்தார். பிற்காலத்து மின்னணு நுண்ணோக்கி, நரம்பணுக்கள் சந்திக்குமிடத்து நுண்ணிய இடைவெளி உண்மையைக் காட்டியபோது கஹாலின் உரையே வலியுற்றது. முன்னரே உள்ளத்திற் கொண்ட கொள்கை கண்ணை மறைத்தமையால் விளைந்த திரிபு இது.

இனி, அவர் மெய்யே கண்டதும் உலகம் ஐயுற்றதும் ஒன்று உண்டு. 1898-ஆம் ஆண்டில் பாவியா நகரில், கூகையின் சிறுமூளை அணுக்களை ஆராய்ந்துழி, அணுவினுள்ளே உட்கருவைச் சூழ்ந்த நுண்ணிய வலையுருவம் ஒன்றை அவர் கண்டு வெளியிட்டார். அது மெய்யான உறுப்போ, சாயத்தால் விளைந்த பொய்த்தோற்றமோ என்ற ஐயம் அரை நூற்றாண்டு தீராது நின்றது. 1949-ஆம் ஆண்டில் ஜார்ஜ் பலாடே, ஆல்பர்ட் கிளோட் என்னும் அறிஞர் இருவர், அது பதப்படுத்தும் பொருள்களாற் செயற்கையாகத் தோன்றியதே என எழுதினர். கோல்ஜியோ 1926-ஆம் ஆண்டிலேயே காலமாயினர். மறுமொழி கூற அவரில்லை.

ஆயினும் மெய்ப்பொருள் தனக்குத் தானே சான்றாயிற்று. 1954-ஆம் ஆண்டில் டால்டன், பெலிக்ஸ் என்போர் மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, தட்டையான பைகள் ஒன்றன்மேலொன்றாக அடுக்கிய உறுப்பு ஐயமறத் தோன்றிற்று. அதன்பின் நிகழ்ந்ததே பெரிதும் போற்றத்தக்கது. அவ்வுறுப்பு இன்றென்ற பலாடேயே அதன் தொழிலை நிறுவுவோராயினர். அவரும் ஜேமிசனும் கினிப்பன்றியின் கணையத் துண்டங்களுக்குக் கதிர்வீசும் அமினோ அமிலத்தை மூன்று நிமிடம் ஊட்டி, புதிதாக ஆகும் புரதம் செல்லும் வழியைத் தொடர்ந்தனர். முதற்கண் அஃது எண்டோபிளாச வலையிற் காணப்பட்டது. சில நிமிடங்களிற் கோல்ஜி உறுப்பின் அருகை எய்திற்று. ஏறக்குறைய இரண்டு மணி நேரத்திற் சுரப்புத் துகள்களிற் சேர்ந்தது. 1967-ஆம் ஆண்டில் இம்முடிபு வெளியாயிற்று. 1974-ஆம் ஆண்டில் பலாடே, கிளோட், லைசோசோமைக் கண்ட தெ தூவ் ஆகிய மூவரும் நோபெல் பரிசு பெற்றனர்.

கோல்ஜி உறுப்பின் தொழில் யாதெனின், எண்டோபிளாச வலையிலிருந்து வரும் புரதங்களை ஏற்று, சர்க்கரைக் கிளைகளைச் சேர்த்தும் நறுக்கியும் செப்பஞ்செய்து, ஒவ்வொன்றும் சேருமிடம் அறிந்து விடுத்தலாம். சில உயிரணுவின் புறச்சவ்விற்கும், சில உடம்பின் பிற பகுதிகட்கும், சில கழிவைச் செரிக்கும் லைசோசோமிற்கும் செல்லும். லைசோசோமிற்குரிய நொதிகட்கு மானோஸ்-6-பாஸ்பேட் என்னும் அடையாளம் இடப்படுகின்றது. பிறவியில் அவ்வடையாளமிடும் நொதி இல்லாத குழந்தைகட்கு ஐ-செல் நோய் உண்டாகின்றது. செரிக்கும் நொதிகள் பழுதின்றிப் பிறந்தும் வழிதெரியாது குருதியிற் கலந்துவிடும். லைசோசோமிற் செரியாத கழிவு நிரம்பும். அக்குழந்தைகள் பெரும்பாலும் இளமையிலேயே உயிர்நீக்கின்றனர். பொய்த்தோற்றமென்று தள்ளப்பட்ட ஒன்றன் சிறு தொழில் தவறினும் ஓருயிர் நில்லாதென்பது இதனாற் பெறப்படும்.

கோல்ஜி, தாம் விடாப்பிடியாகக் கொண்ட நரம்புவலையிற் பிழைத்தார். உலகம் மறுத்த உயிரணு வலையில் வென்றார். பலாடே மறுத்ததிற் பிழைத்தார். பிழையைப் பற்றி நில்லாது பொருளின்வழிச் சென்றமையின் வென்றார். திரிபுறுதல் அறிஞர்க்கும் இயல்பு. அதனை விடாது பற்றுதலே இழுக்கு. தான் முன்பு சொல்லியதினும் மெய்ப்பொருளைப் பெரிதாக மதிப்பவன் எவனோ, அவனுக்கே ஐயமும் திரிபும் நீங்கிய காட்சி வாய்க்கும்.