மல்லிக் பஜாரில் ஓர் எஞ்சின் தேடி

கல்கத்தா என்றே நம் நாவில் பழகிவிட்ட கொல்கத்தா மாநகரில், லேக் மார்க்கெட்டும் ராஷ்பிகாரி அவென்யூவும் தமிழர்க்கு வீட்டு முற்றம் போன்றவை. முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் கிடைக்கும் இடத்தை எவர் மறப்பார்? ஆனால் பார்க் தெரு, ஆசாரிய ஜகதீச சந்திர போஸ் சாலையைச் சந்திக்கும் மூலையிலுள்ள மல்லிக் பஜாரை நம்முள் கண்டவர் சிலரே. சர் வில்லியம் ஜோன்ஸ் முதலிய பழைய ஆங்கிலேயர் துயிலும் கல்லறைத் தோட்டம் அதற்கு அருகில்தான் இருக்கிறது. மனிதர்க்கு அந்தத் தோட்டம்; மோட்டார் வண்டிகளுக்கு இந்தச் சந்தை. ஒரே வேறுபாடு, இங்கே வந்து சேர்ந்தவை மீண்டும் எழுந்து ஓடும்.

சென்ற மார்கழியில் என்னை அங்கு அழைத்துச் சென்றவர் நம் சங்கத்து அன்பர் ஒருவர். தாயகம் திரும்பிய ஆங்கிலேயர் ஒருவரிடமிருந்து அவருடைய தந்தையார் வாங்கிய எம்.ஜி.ஏ. 1500 என்னும் ஸ்போர்ட்ஸ் கார், வீட்டுக் கொட்டகையில் முப்பது ஆண்டுகளாகத் துணி போர்த்தி நிற்கிறது. இருவர் மட்டுமே அமரக்கூடிய திறந்த வண்டி. ஒருநாள் கனெக்டிங் ராடு முறிந்து, எஞ்சின் பிளாக்கின் சுவரைப் பிளந்துகொண்டு வெளியே வந்துவிட்டது. அதுவே அதன் கடைசி ஓட்டம். தந்தையார் இன்று இல்லை. 84 வயதான தாயாரோ, "அந்த வண்டியில் இன்னொரு தரம் விக்டோரியா மண்டபத்தைச் சுற்றி வந்தால் போதும்" என்று சொல்லிவிட்டார்கள். அமெரிக்காவிலுள்ள தம்பி, "எஞ்சின் எண் மாறினால் வண்டியின் மதிப்பே போய்விடும், அண்ணா, அவசரப்பட வேண்டாம்" என்று எழுதுகிறார். நண்பர் இருவருக்கும் இடையில் நின்று தவித்தார்.

பழைய பிளாக்கையே ஒட்டி எடுக்கலாகாதா என்று முதலில் கேட்டோம். சிறு விரிசலாயின் உலோகத் தையல் போட்டு மூடலாமாம். இதுவோ கை நுழையும் பொத்தல். கிராங்க் அமரும் இடமும் வெடித்திருந்தது. மிஸ்திரி கையை விரித்துவிட்டார்.

வேறு எஞ்சின் வைப்பதென்றால் எதை வைப்பது? இங்கேதான் நம் ஊர்க்கதை ஒன்று குறுக்கிடுகிறது. இங்கிலாந்தில் ஆஸ்டின், மாரிஸ் ஆகிய இரு பெருங்குழுக்கள் 1952இல் இணைந்து பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் ஆயின. ஆஸ்டின் வகுத்த 'பி வரிசை' எஞ்சின், மாரிஸ் வண்டிகளுக்கும் எம்.ஜி. வண்டிகளுக்கும் பொதுவாயிற்று. 1955இல் வெளிவந்த எம்.ஜி.ஏ.யில் அமைந்தது அதன் 1489 கன சென்டிமீட்டர் வடிவம். அதே 1489தான், 1959 முதல் நம் அம்பாசடர் காரில் இடம்பெற்றது! ஹௌராவில் மின்ரயில் ஏறினால் உத்தர்பாராவை அடுத்து இந்த் மோட்டார் என்றொரு நிலையம் வருகிறது. தொழிற்சாலையின் பெயரையே பூண்ட அந்த ஊரில், 1957 முதல் 2014 மே மாதம் வரை அம்பாசடர் உருவாயிற்று. ஆபிங்டனில் பிறந்த ஒய்யாரியும் உத்தர்பாராவில் பிறந்த குடும்பத் தலைவியும் ஒரே பாட்டியின் பேத்திகள் எனலாம்.

ஆயினும் பேத்திகள் இருவரும் ஒரே குணத்தினர் அல்லர். எம்.ஜி.ஏ.க்கு இரட்டைக் கார்புரேட்டர்; எழுபது குதிரைத்திறன் அளவில் வரும். அம்பாசடருக்கு ஒற்றைக் கார்புரேட்டர், ஐம்பத்தைந்து. "வேகம் வேண்டுமானால் 1992இல் வந்த அம்பாசடரின் இசுசு 1800 எஞ்சினை வையுங்கள், ஐந்து கியரும் கிடைக்கும்" என்றார் ஒரு கடைக்காரர். வலிமையுள்ளதுதான், ஆனால் அதற்காக வண்டியின் அடித்தட்டையும் தாங்கிகளையும் வெட்டவேண்டி வரும். ஒருமுறை வெட்டியது வெட்டியதுதான். நான் வேண்டாமென்றேன். இங்கிலாந்திலிருந்து எம்.ஜி. எஞ்சினே தருவிக்கலாம், சுங்கமும் கப்பற்கூலியும் ஒருபுறமிருக்க, வந்து சேரும் மாதங்களை 84 வயதின் முன் வைத்து எண்ண வேண்டாமா?

தம்பியின் அச்சமும் வெற்றச்சம் அன்று. 1968 முதல் இந்நகரில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையார் நடத்திவந்த பழங்கார் ஊர்வலத்தில், நடுவர்கள் அசலா அன்றா என்று திருகாணி வரை பார்ப்பார்கள். 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும், 50 ஆண்டு கடந்து அசல் வடிவில் பேணப்பட்டு, பெருமாற்றம் செய்யப்படாத வண்டிக்கே 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட சிறப்புப் பதிவை அளிக்கின்றன. சாதாரணப் பதிவிலும் எஞ்சின் எண் மாறினால் அலுவலகத்தில் அனுமதி பெற்றுப் புத்தகத்தில் திருத்திக்கொள்ள வேண்டும். மறைத்து ஓட்டுவது முறையன்று.

மல்லிக் பஜாரில் மண்குவளைத் தேநீருடன் அரை நாள் கழிந்தது. டாக்சிகளிலிருந்து இறக்கிய டீசல் எஞ்சின்களே எங்கும் கண்ணில் பட்டன. 15 ஆண்டு கடந்த வாடகை வண்டிகள் இந்நகரில் ஓடலாகாதென்று வந்த நீதிமன்ற ஆணையால் கழிந்தவை பல. பெட்ரோல் எஞ்சின் மூன்றே கிடைத்தன. மிஸ்திரி ஒவ்வொரு சிலிண்டரின் மேல்விளிம்பிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தார். நகம் தட்டினால் தேய்வு மிகுதி என்று பொருள். ஒன்றில் விளிம்பு படிக்கட்டுப் போலிருந்தது. மற்றொன்றின் எண்தகட்டைப் பிடுங்கி வேறு தகடு தறைந்திருந்தார்கள். அதைத் தொடவே அவர் மறுத்துவிட்டார். மூன்றாவதையே வாங்கினோம்.

அன்றிரவே நண்பர் தம்பியுடன் பேசி ஒரு முடிவு கண்டார். புதிதாய் வந்தது பிளாக்கும் கிராங்க்கும் மட்டுமே. சிலிண்டர் தலையும் இரட்டைக் கார்புரேட்டரும் பின்தகடும் கியர்ப்பெட்டியும் அப்பாவின் வண்டிக்கு உரியவையே. உடைந்த பிளாக்கை எண்ணெய் பூசி, எண்தகட்டுடன் கொட்டகை மூலையில் வைத்துவிட்டார்கள். பின்னாளில் எவரேனும் அதைச் சீராக்க வல்லாராயின் வண்டி அதை ஏற்கும். அடித்தட்டில் எதையும் வெட்டவில்லையே.

ஒன்று மட்டும் பொருந்தவில்லை. எம்.ஜி.ஏ.யில் எஞ்சின் சுழற்சியைக் காட்டும் மானி, பிளாக்கின் பின்புறத்தில் கேம்ஷாஃப்டிலிருந்து கம்பிவடம் வழியே இயங்குவது. குடும்பக் காருக்கு அம்மானி எதற்கு? வாங்கிய பிளாக்கில் அதற்குரிய துளையே இல்லை.

பங்குனியில் ஒரு ஞாயிறு விடியற்காலை, அனுமதிச் சீட்டும் கையுமாக வண்டி புறப்பட்டது. அம்மையார் முக்காடு இட்டு இடப்பக்கம் அமர்ந்திருந்தார்கள். சௌரிங்கியைத் தாண்டும்போது மானியைச் சுட்டி, "உங்கள் அப்பா ஓட்டினால் இந்த முள் துள்ளுமே, இப்போது ஏன் அசையவில்லை?" என்று கேட்டார்களாம். நண்பர் காரணத்தைச் சொன்னார். "சரி, நீ மெல்லவே ஓட்டு" என்றார்களாம்.