கோ ஷிங் தெருவின் மருந்து மூட்டைகள்

ஹாங்காங் தீவின் மேற்குப் பகுதிக்குச் செல்லும் இரட்டைத் தட்டு டிராம் வண்டியில் ஏறி ஷியுங் வான் வட்டாரத்தில் இறங்குவோமாயின், அத்தெருக்களைக் கண்ணுக்கு முன்பாக மூக்கே அறிந்துகொள்கின்றது. உலர்ந்த மீனும் சிப்பியும் விற்கும் சாலையில் கவிச்சை வீசுகின்றது. அதைக் கடந்து பக்கத்துச் சந்துக்குள் திரும்பியதும் அதிமதுரம், லவங்கப்பட்டை, காய்ந்த ஆரஞ்சுத் தோல் ஆகியவற்றின் மணம் எதிர்கொள்கின்றது. இதுவே கோ ஷிங் தெரு. சீன மருந்துச் சரக்குகளின் மொத்த வணிகம் நடைபெறும் இடம். அருகிலுள்ள விங் லோக் தெருவோ ஜின்செங் வேருக்கும், ஒருவகைக் குருவி தன் உமிழ்நீரால் கட்டும் கூட்டுக்கும் பெயர் பெற்றது.

கடை வாயிலில் சாக்கு மூட்டைகள் வாய் திறந்து நிற்கின்றன. உள்ளே சுவர் முழுவதும் சிறுசிறு மர இழுப்பறைகள். நோயாளியின் நாடியையும் நாக்கையும் பார்த்து வைத்தியர் எழுதிய சீட்டைக் கொடுத்தால், பணியாளர் ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து, வேரும் பட்டையும் பூவுமாக நிறுத்துக் காகிதத்தில் கொட்டி மடித்துத் தருகின்றார். நம்மூர் நாட்டு மருந்துக் கடையில் நின்று பழகியவர்களுக்கு இக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

அந்நியமல்ல என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்த இழுப்பறைகளில் குந்திரிக்கமும் வெள்ளைப் போளமும் இருக்கின்றன. இவை சீனத்தில் விளைந்தவை அல்ல. அரேபியக் கரையிலிருந்தும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்தும் முஸ்லிம் வணிகர்களின் மரக்கலங்களில் சென்று அந்நாட்டு மருத்துவத்தில் கலந்துவிட்டவை. சீன மொழியில் 'ஹுய்ஹுய் யாவ்ஃபாங்' என்றொரு மருத்துவ நூல் உண்டு. முஸ்லிம்களின் மருந்து முறைகள் என்பது அப்பெயரின் பொருள். 36 பாகங்கள் கொண்டிருந்த அந்நூலில் இன்று நான்கு மட்டுமே பெய்ஜிங் தேசிய நூலகத்தில் எஞ்சியுள்ளன. பாரசீக மருந்துப் பெயர்கள் அவற்றில் நிறைந்து கிடக்கின்றன. சீன மருத்துவத்தை நமக்கு முற்றிலும் புறம்பானதென்று ஒதுக்குபவர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

தெருவிலிருந்து தெற்கே மேடேறினால் துங் வா மருத்துவமனை. 1872-ஆம் ஆண்டு திறக்கப்பட்டபோது, ஏழைச் சீனர்களுக்கு அவர்கள் நம்பிய மூலிகை மருத்துவத்தையே இலவசமாக வழங்கிய தரும நிலையம் அது. 1894-இல் கொள்ளை நோயாகிய பிளேக் இந்தத் தாய்பிங்ஷான் சரிவிலேதான் மக்களை வாரிக்கொண்டு சென்றது. அக்கிருமியை அலெக்சாண்டர் எர்சின் என்னும் அறிஞர் கண்டறிந்ததும் அதே ஆண்டு, இதே நகரில்தான். அதன் பின்னரே துங் வாவில் மேலை மருத்துவமும் நுழைந்தது. இரண்டு மருத்துவங்களும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும் வழக்கம் அந்நகரில் அவ்வாறு தொடங்கியது.

நூறாண்டு கடந்து 2003-இல் சார்ஸ் நோய் வந்தது. ஹாங்காங்கில் மட்டும் 1,755 பேரைப் பற்றி, 299 உயிர்களைக் கொண்டுசென்றது. அப்பொழுது அண்டையிலுள்ள குவாங்டொங் மாநிலத்தில் 'பான் லான் கென்' என்னும் வேர்மருந்தின் விலை மளமளவென்று ஏறியது. நோயாளிகளைவிட நோயில்லாதவர்களே அதனைத் தேடி வாங்கினர். நோய் வருமுன் உடலுக்குக் காவல் போட வேண்டும் என்ற தவிப்பு அது.

நம் வாசகச் சகோதர சகோதரிகள் கவனிக்க வேண்டிய வினா இங்கேதான் பிறக்கின்றது. நோயுற்றவன் மருந்து உண்பது வேறு. நலமாக இருப்பவன், நோய் எதிர்ப்பாற்றல் பெருகும் என்று நம்பி மூலிகை உண்டால், உண்மையில் ஏதேனும் பெருகுகின்றதா?

ஹாங்காங் அறிஞர்கள் இதனை ஆராய்ந்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டவை இரண்டு பழைய மருந்துகள். முசுக்கொட்டை இலையும் செவ்வந்திப் பூவும் சேர்ந்த 'சாங் ஜூ யின்' ஒன்று. 'யூ பிங் ஃபெங் சான்' மற்றொன்று. பின்னதன் பெயரே ஓர் அழகிய கற்பனை. ஜேட் என்னும் பச்சைக்கல்லால் ஆன காற்றுத் தடுப்புத் திரை என்று பொருள். நோய் காற்றாக வந்து உடலின் மேற்பரப்பில் புகுகின்றது; அங்கே காவல் நிற்கும் ஆற்றல் தளர்ந்திருந்தால் உள்ளே சென்றுவிடுகின்றது; அதற்கு முன் ஒரு திரை இடுவோம் என்பது சீன வைத்தியரின் கருத்து. ஹுவாங் சீ, பாய் சூ, ஃபாங் ஃபெங் என்னும் மூன்றே வேர்கள் அதில் அடங்கியுள்ளன.

சார்ஸ் காலத்தில் பதினொரு மருத்துவமனைகளின் ஊழியர்களில் 1,063 பேர் தாமாக முன்வந்து இம்மூலிகைக் கலவையை இரண்டு வாரம் அருந்தினர். அவர்களில் ஒருவருக்கும் சார்ஸ் வரவில்லை. அருந்தாத 15,374 பேரில் 64 பேருக்கு வந்தது. 2005-இல் வெளியான இக்கணக்கைக் கேட்டவுடன் "சுப்ஹானல்லாஹ்!" என்று சொல்லத் தோன்றும். சற்றுப் பொறுப்போம். அந்த 64 பேரின் விகிதப்படி பார்த்தால், 1,063 பேரில் நான்கைந்து பேருக்குத்தான் நோய் வந்திருக்க வேண்டும். நான்கைந்து என்பது பூச்சியமாவதற்கு மருந்துதான் காரணமாக இருக்க வேண்டியதில்லை. மருந்தை நாடிச் சென்றவர் தம்மைக் காத்துக்கொள்வதிலும் கூடுதல் கவனம் உடையவராக இருந்திருக்கலாம். சார்ஸ் நோயாளிகளின் அறைக்கு அப்பால் பணி செய்தவராகவும் இருந்திருக்கலாம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அன்று அது.

மற்றொரு சோதனை 2006-இல் வெளியானது. நலமுடைய 37 பேருக்கு இக்கலவை 14 நாள் கொடுக்கப்பட்டு, முன்னும் பின்னும் இரத்தம் சோதிக்கப்பட்டது. நம் இரத்த வெள்ளணுக்களில் கட்டளையிட்டு உதவும் அணுக்களும் உண்டு, கிருமி புகுந்த அணுவை அழிக்கும் அணுக்களும் உண்டு. உதவும் அணுக்களின் விகிதம் சிறிதளவு உயர்ந்ததாகக் காணப்பட்டது. தீங்கேதும் தென்படவில்லை. ஆனால் ஒப்பிடுவதற்கு, மருந்தைப் போன்றதொரு வெறும் பொருளை உண்ட வேறு கூட்டத்தார் இல்லை. அந்தச் சிறு உயர்வினால் அவர்களுக்குப் பின்னர் சளி குறைந்ததா என்பதையும் அது சொல்லவில்லை.

அவ்வாறு ஒப்பிட்ட சோதனை ஒன்றும் அதே நகரில் நடந்தது. கௌலூன் பகுதியின் பல்தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்டது அது. பொருள், 'லிங் சீ' என்னும் காளான். சாகாவரம் தரும் காளான் என்று சீனர் போற்றுவது. கண்ணாடிப் பேழையில் வைத்துக் கொள்ளை விலைக்கு விற்கப்படுவது. நலமுடைய 18 பேருக்கு நான்கு வாரம் காளானும், நான்கு வாரம் வெறும் மாத்திரையும், எது எதுவென்று தெரியாதபடி கொடுத்தனர். எதிர்ப்பாற்றலின் அளவுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை!

பானையில் நீர் நிரப்புவதைப் போல எதிர்ப்பாற்றலை நிரப்பிக்கொள்ள இயலாது. அது ஒரு சமநிலை. மிகுந்து போனால் தன் உடலையே தாக்கத் தொடங்கும். ஒவ்வாமையும் சிலவகை மூட்டு வீக்கமும் அத்தகைய மிகுதியால் வருபவையே. வியப்பு என்னவென்றால் பழைய சீன வைத்தியரும் இதற்கு மாறுபட்டவர் அல்லர். பச்சைக்கல் திரை, ஓயாமல் வியர்த்து அடிக்கடி சளி பிடிக்கும் தளர்ந்த உடலினருக்கென்று வகுக்கப்பட்டது. நாடி பார்க்காமல் ஊருக்கெல்லாம் ஒரே பொடி என்பது வைத்தியம் தந்த வழக்கம் அன்று, வணிகம் தந்த வழக்கம்.

நமக்கு இதில் என்ன என்று கேட்கலாம். இரத்தினக்கல் வணிகத்திற்காகக் காயல்பட்டினத்திலிருந்து சென்ற குடும்பங்கள் கௌலூனில் வாழ்ந்துவருகின்றன. விடுமுறைக்கு ஊர் திரும்புவோரின் பெட்டிகளில் வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் என்று 'சத்துப் பொட்டலம்' வருவது புதிதன்று. அன்பினால் கொண்டுவருவதே. எனினும், இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்ளும் முதியவர் 'டாங் குவெய்' வேரைச் சேர்த்து உண்டால் இரத்தக்கசிவு ஏற்படக்கூடும். அதிமதுரம் நாள்தோறும் மிகுதியாக உள்ளே சென்றால் இரத்த அழுத்தம் ஏறும். சிறுநீரகம் மாற்றப்பட்டவருக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து கொடுத்துவருகையில், அதனைத் தூண்டுவதாகச் சொல்லப்படும் ஹுவாங் சீயைக் கொடுப்பது எத்தகைய முரண்! பெயர்க் குழப்பமும் சிறிய செய்தி அன்று. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலிவதற்காகச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகத்தை இழந்தனர். 'ஃபாங் ஜி' என்பதற்குப் பதிலாக, ஒத்த பெயருடைய நஞ்சுள்ள வேறொரு வேர் கலந்துவிட்டதே காரணம்.

ஹலால் பற்றிய வினாவும் உடன் எழுகின்றது. கோ ஷிங் தெருவின் மூட்டைகளில் பெரும்பாலானவை வேரும் இலையுமே, அவற்றில் ஐயமில்லை. ஆனால் அதே கடைகளில் உலர்ந்த பல்லியினமும் தேளும் பூரானும் தொங்குகின்றன. பெண்களுக்கு இரத்தம் ஊறும் என்று விற்கப்படும் 'எ ஜியாவ்' கழுதைத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. வீட்டுக் கழுதையின் இறைச்சி கைபர் போரின்போது விலக்கப்பட்டதை நாம் அறிவோம். ஹுவாங் சீயைத் தேனில் வறுப்பர், அது நல்லது. சில வேர்களையோ மதுவில் ஊறவைத்து வறுப்பர். காய்ந்த பின் கண்ணால் பார்த்து இதனை அறிய முடியாது.

அட்டைப் பெட்டியில் வரும் மருந்தென்றால் ஹாங்காங் அரசின் பதிவு எண் அதன்மேல் இருத்தல் வேண்டும், உட்பொருள்களும் அச்சிடப்பட்டிருக்கும். ஆயினும் ஒரு நுணுக்கம் உண்டு. மூன்றோ அதற்கு மேலோ உட்பொருள்கள் கொண்ட மருந்தில், பாதிக்கு மேற்பட்டவற்றின் பெயரை அச்சிட்டாலே அந்நாட்டு விதி நிறைவேறிவிடுகின்றது. எஞ்சியவை பெட்டிக்கு உள்ளேதான் இருக்கும், அட்டையில் இராது. ஆகவே பெட்டியைவிட வைத்தியரின் சீட்டே மேல். அதில் ஒவ்வொரு சரக்கும் எடையோடு எழுதப்பட்டிருக்கும்.

அந்தச் சீட்டைப் படித்துக் காட்ட ஆள் வேண்டுமே என்று கவலையுற வேண்டியதில்லை. அதே டிராம் வண்டி கிழக்கே வான் சாய்க்குச் செல்கின்றது. அங்கே மஸ்ஜித் அம்மார் பள்ளிவாசலும் இஸ்லாமிய நிலையமும் ஒரே கட்டடத்தில் அமைந்துள்ளன. சீனச் சகோதரர்களும் அங்கே தொழ வருகின்றனர். மேல்மாடி உணவகத்தில் ஹலாலான சீனக் கொழுக்கட்டைகள் ஆவி பறக்க மூங்கில் தட்டில் வருகின்றன. ஸலாம் கூறி, அருகில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம் சீட்டை நீட்டினால் போதும்.