இரண்டாம் பக்கம்

‘ஹார்ட்கோர் பங்க்’ என மேனாட்டார் வழங்கும் இசையை நம் கல்லூரி அன்பர் பலர் கேட்டிரார். கேட்டவருள்ளும் பலர் வெறுங் கூச்சலென்று தள்ளியிருப்பர். யாம் அதனைத் தள்ளினோமல்லேம்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டிலே தோன்றிய அவ்விசைக்கு விரைவே உயிர். ஒரு நிமிடத்திலோ இரண்டு நிமிடத்திலோ பாட்டு முடிந்துவிடும். கலிபோர்னியாவில் 1976 இல் கிறெக் ஜின் என்பார் தொடங்கிய ‘பிளாக் ஃபிளாக்’ குழுவினர் அவ்விரைவுக்குப் பெயர் பெற்றவர். அதனை உடைத்தவரும் அவரே என்பதுதான் விந்தை. வழக்கொன்றினாற் சில காலம் தம் பெயரிற் புதிய இசைத்தட்டு வெளியிட இயலாதிருந்த அவர், 1984 இல் ‘மை வார்’ என்னும் தட்டினை வெளியிட்டனர். முதற் பக்கத்திலே ஆறு பாட்டுக்கள். தட்டைத் திருப்பினால் மூன்றே பாட்டுக்கள்; ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்கு மேற்பட்டது. சேற்றிலே கால் புதைய நடப்பவன்போலத் தாளம் நகரும். விரைவை நாடி வந்த இரசிகர் பலர் வெகுண்டனர்.

இந்த மந்த நடைக்கு மூலம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து ‘பிளாக் சபாத்’ குழுவாகும். அதன் கிற்றார் கலைஞர் ரோனி அயோமி பதினேழு வயதிலே தொழிற்சாலை யந்திரத்தில் வலக்கை விரல் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கத்தினராதலின் தந்தியை அழுத்துவதும் அவ்வலக்கையே. நோவு தணியத் தந்திகளைத் தளர்த்தினார், சுருதி தாழ்ந்தது. அத்தாழ்ந்த ஒலியின் இருளே பின்னர் கடல் கடந்தது எனலாம்.

எம் தந்தையார் மறைந்த ஆண்டில், அந்தியேட்டி கழிந்த பின்னரும் இனிய பாட்டெதுவும் எமக்குச் செவியேறவில்லை. ஆறுதல் கூறிய குரல்களெல்லாம் எம்மை விரைந்து தேறுமாறு பணிப்பனபோலத் தோன்றின. அந்த இரண்டாம் பக்கமோ எதனையும் பணிக்கவில்லை. துயரத்தை அது அவசரப்படுத்தாது; அதனை அழகுபடுத்தவுமில்லை. இரவுதோறும் கேட்டோம்.

பின்வந்தோர் அவ்வழியை விரித்தனர். வாஷிங்டன் மாநிலத்து ‘மெல்வின்ஸ்’ மந்தத்தையே தம் நெறியாக்கினர். ஓக்லாந்து நகரத்து ‘நியூரோசிஸ்’ குழு 1992 இல் ‘சோல்ஸ் அட் சீரோ’ என்னும் தட்டிலே வில்லிசைக்கும் நரம்புக் கருவிகளையும் சேர்த்தது. இவ்வழியில் வந்தன யாவும் நல்லனவல்ல; மெதுவாயிருப்பதையே ஆழமென மயங்கியோரும் உளர்.

எம் வீட்டாருக்கு இன்றும் அந்த இரண்டாம் பக்கம் ஒவ்வாது. ஆதலின் அவர் உறங்கிய பின்னரே தட்டைத் திருப்புகின்றோம்.