வரிசையில் காத்திருக்கும் மடல்கள்

ஒரு கல்லூரியின் மின்னஞ்சல் சர்வரைப் பராமரிப்பது என் தொழில். மாணவர் சேர்க்கைக் காலத்தில், ஒரு கட்டளை வரிசையில் பத்து மடல்கள் உள்ளன என்னும்; மற்றொன்று நானூறு என்னும். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும்.

நாங்கள் பயன்படுத்தும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள் மடல்களை ஒரே இடத்தில் வைப்பதில்லை. புதிதாக வந்தவை, இப்போது அனுப்பப்படுபவை, முதல் முயற்சியில் போகாமல் தேங்கியவை எனத் தனித்தனிக் கோப்புறைகள் உண்டு. 'மெயில்க்யூ' இவை அனைத்தையும் பட்டியலிடும். 'க்யூஷேப்' கட்டளையோ, நாம் குறிப்பிட்டுக் கேட்டாலன்றி, முதல் இரண்டை மட்டுமே எண்ணும்.

கோப்புகளை நேரடியாக எண்ணுவோருக்கு வேறொரு குழப்பம் காத்திருக்கிறது. 'டிஃபர்டு' கோப்புறையில் இருப்பவை தேங்கிய மடல்கள். 'டிஃபர்' கோப்புறையில் இருப்பவை அவை போகாததற்கான காரணக் குறிப்புகள். இரண்டையும் கூட்டினால் கணக்கு ஏறத்தாழ இருமடங்காகும். (இப்படிப் பெயர் வைத்தவர்மீது எனக்குச் சிறு வருத்தம் உண்டு.) தேங்கிய மடல்கள் உட்கோப்புறைகளில் பிரித்து வைக்கப்படுவதால், மேலோட்டமாகப் பட்டியலிட்டால் எத்தனை ஆயிரம் மடல்கள் இருந்தாலும் 16 வரிகளுக்கு மேல் தெரியாது.

கணக்கு பொருந்தவில்லை என்றதும், "வரிசையையே காலி செய்துவிடுங்கள்" என்று எவரேனும் சொல்வார். சென்ற ஆண்டு என் மேலாளர் சொன்னார். 'போஸ்ட்சூப்பர்' கட்டளை ஒரே வரியில் அதைச் செய்துவிடும். ஆனால் அழிந்த மடல் மீளாது. அனுப்பியவருக்கு ஓர் அறிவிப்பும் போகாது. அவை பிறருடைய அமானிதங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாட்கள் முயன்ற பிறகுதான் மடலைத் திருப்பி அனுப்பும். அத்தனை பொறுமை மென்பொருளுக்கே இருக்கையில் நாம் ஏன் அவசரப்பட வேண்டும் என்று கேட்டேன். அவர் இரண்டு நாள் தவணை தந்தார்.

காரணக் குறிப்புகளைப் படித்தேன். ஒரே நேரத்தில் மிகுதியான மடல்கள் வருகின்றன என்று எதிர்முனை சர்வர் தற்காலிகமாக மறுத்திருந்தது. அனுப்பும் வேகத்தைக் குறைத்தேன். மறுநாள் மாலை முதல் எண்ணிக்கை சரியத் தொடங்கியது. விடுதி இடத்துக்காகக் காத்திருந்த ஒரு மாணவியின் மடல், கட்டணம் செலுத்தும் கடைசி நாளுக்கு முந்தைய இரவு போய்ச் சேர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ். அப்போதும் வரிசையில் இரண்டு மடல்கள் எஞ்சியிருந்தன. அவற்றுக்குரிய முகவரிகளிலேயே பிழை. அவ்விருவரின் தொலைபேசி எண்களை அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன்.