வடக்கே போகும் பாதை

சென்னையில் ஆசைக்காக சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் தெற்கே போகிறார்கள். விடியற்காலையில் திருவான்மியூரைத் தாண்டினால் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ஹெல்மெட்டும் சிமிட்டும் சிவப்பு விளக்குமாக இருக்கும். முட்டுக்காடு, கோவளம், முடிந்தால் மாமல்லபுரம், திரும்பும் வழியில் ஒரு காபி. நானும் பல காலம் அப்படித்தான் போனேன். வடக்கே ஏன் போவதில்லை என்று கேட்டால் லாரி, தூசி, நாற்றம் என்பார்கள். மூன்றும் உண்மை. ஆனாலும் இந்த நகரத்தில் ஒரே ஒரு பாதையில்தான் ஓட்டலாம் என்று ஒரு நிலை வந்தால், ராயபுரத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை போகும் சுமார் 15 கிலோமீட்டரைத்தான் நான் கேட்டு வாங்குவேன்.

என் வண்டி கிராவல் சைக்கிள். ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டில், ஆனால் டயர் தடிமன். காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் ஜல்லியிலும் மணலிலும் வழுக்காமல் ஏறிப்போகும். பிரான்சில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் வெள்ளைச் சரளைப் பாதைகளில் இத்தகைய வண்டிகள் போகும் படங்களைப் பார்த்துப் பார்த்துதான் இதை வாங்கினேன். வாங்கிய பிறகு சரளைக்கு எங்கே போவது? தெற்கே எல்லாம் தார். வடக்கேதான் ஜல்லி, கரித்தூள், சாம்பல், சிப்பி கலந்த மணல் என்று விதவிதமாகக் கிடக்கிறது.

ராயபுரம் ரயில் நிலையத்தின் எதிரே தொடங்குவது என் வழக்கம். 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. பம்பாயிலும் ஹௌராவிலும் அதற்கு முன்பே ரயில் ஓடியிருந்தாலும் அந்தப் பழைய நிலையங்கள் இன்றில்லை. உயரமான தூண்களோடு ராயபுரம் நிற்கிறது. சற்றுத் தள்ளி ராபின்சன் பூங்கா. 1949 செப்டம்பர் 17 அன்று கொட்டும் மழையில் தி.மு.க. தொடங்கப்பட்ட இடம். அரத்தூன் சாலையில் 1910-ல் கட்டிய பார்சிகளின் அக்கினிக் கோயில் இருக்கிறது. நகரத்தின் வரலாற்றைச் சொல்லும்போது மயிலாப்பூரில் தொடங்கி கோட்டையில் முடித்துவிடுகிறோம். கோட்டைக்கு வடக்கே இத்தனை இருப்பது தெரிந்தும் நாம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

காசிமேட்டில் இறங்கி நடக்க வேண்டும். ஐஸ் பெட்டிகளும் மீன்பாடி வண்டிகளும் ஏலக் குரல்களும் வழியை அடைத்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமான 61 நாளும் விசைப்படகுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். அப்போது பெயிண்ட் வாசனைதான் துறைமுகத்தை ஆளும்.

அதைக் கடந்து எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறியதும் வலப்பக்கம் கடல் வந்துவிடும். மெரினாவில் பார்க்கிற கடலும் இதுவும் ஒன்றுதான் என்று நம்புவது கடினம். அங்கே கால் வலிக்க நடந்தால்தான் அலையைத் தொட முடியும். இங்கே சாலையோரம் குவித்த கருங்கற்கள் மேல் அலை வந்து மோதுகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இந்தக் கரையில் மணல் ஆண்டு முழுக்கப் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதராஸ் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் கட்டியபோது அந்த மணல் சுவரின் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் கடல் தெருக்களைத் தின்றது. மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிடும் மணல் ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் சேர வேண்டியது. சைக்கிளில் அந்தக் கற்களை ஒட்டியே போகும்போது இது பாடப்புத்தகச் செய்தியாக இருப்பதில்லை. முகத்தில் உப்புத் தண்ணீர் தெறிக்கிறது.

திருவொற்றியூரில் சாலையை விட்டு உள்ளே திரும்புவேன். தியாகராஜர் கோயில், வடிவுடையம்மன் சன்னதி, சுந்தரர் சங்கிலியாரை மணந்துகொண்ட கதையில் வரும் மகிழமரம். கடலோரம் பட்டினத்தார் சமாதி. ஊருக்குள் ஆலை மதில்களும் அதே அளவுக்குப் பழக்கமானவை. தீப்பெட்டி ஆலையின் பெயர் விம்கோ நகர் என்று ரயில் நிலையத்தில் நிலைத்து, இப்போது மெட்ரோவுக்கும் போய்விட்டது. 1950-களில் புல்லட் தயாரிக்க என்ஃபீல்டு ஆலை வந்ததும் இங்கேதான். இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி மோட்டார் சைக்கிளுக்கு முன்பே மிதிவண்டி செய்துகொண்டிருந்தது.

ஷிப்ட் மாறும் நேரத்தில் இந்தத் தெருக்களில் ஓட்டிப் பார்க்க வேண்டும். சைக்கிள் இங்கே இன்னும் வேலைக்குப் போகும் வண்டி. கேரியரில் டிபன் பாக்ஸ், ஹேண்டிலில் தண்ணீர் பாட்டில், பின்னால் ஹாரன் அடிக்கும் கன்டெய்னர் டிரெய்லருக்குத் துளியும் பதறாத முதுகு. என் ஹெல்மெட்டைப் பார்த்து ஒரு பெரியவர் கூடவே மிதித்தபடி கேட்டார்: “இன்னா தம்பி, எந்தக் கம்பெனி?” கம்பெனி எதுவும் இல்லை, சும்மா ஓட்டுகிறேன் என்றேன். “சும்மாவா? இந்த ரோட்லயா?” என்று சிரித்துவிட்டு, கன்டெய்னர் திரும்பும்போது அதன் உள்பக்கம் மாட்டிக்கொள்ளாமல் எப்படி ஒதுங்க வேண்டும் என்று எர்ணாவூர் வரை சொல்லிக்கொடுத்தார். எந்தச் சைக்கிள் சங்கத்திலும் எனக்கு இவ்வளவு உபயோகமான பாடம் கிடைத்ததில்லை.

எர்ணாவூர் தாண்டினால் என் டயருக்கு வேலை வரும். லாரிகள் அரைத்த ஓரங்களில் தார் போய் ஜல்லி மட்டும் மிஞ்சியிருக்கும். இந்த இடத்தில் பிரான்ஸ் எனக்குத் தவறாமல் நினைவுக்கு வரும். திராட்சைத் தோட்டத்து பிரான்ஸ் இல்லை. அதன் வடகோடி, நிலக்கரி எடுத்த சீமை.

1896-ல் தொடங்கிய பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயம் அந்த வடக்கு வழியாகத்தான் போகிறது, கரடுமுரடான கருங்கல் பாவிய பழைய கிராமத்துப் பாதைகளில். அதற்கு ‘வடக்கின் நரகம்’ என்று ஒரு பட்டப்பெயர். கல்பாதையின் கொடுமையால் வந்த பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 1919-ல், முதல் உலகப் போர் முடிந்த கையோடு, பந்தயத்தை மறுபடி நடத்த முடியுமா என்று பார்க்கப் போனவர்கள் கண்டது குண்டுக்குழிகளும் மொட்டை மரங்களும் இடிந்த ஊர்களும். அந்தக் காட்சிக்குத்தான் பத்திரிகை நரகம் என்று பெயர் கொடுத்தது. யாரோ நடத்திய போர், யாருடைய ஊரோ நரகம்.

வட சென்னைக்கும் பெயர் வைத்தாயிற்று. சினிமா பார்த்தவனுக்கு அது கத்தியும் ரத்தமும். காரில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவனுக்கு அது நாற்றம். அந்த நாற்றம் மணலியில் நமக்காகச் சுத்திகரிக்கும் பெட்ரோலிலிருந்தும், நம் வயலுக்கான உரத்திலிருந்தும், நம் வீட்டு ஏசிக்காக எரியும் கரியிலிருந்தும் வருகிறது என்று பெயர் வைத்தவர்கள் சொல்வதில்லை.

அந்த பிரெஞ்சு வடக்கில் அரென்பெர்க் காட்டுப் பாதை என்று ஒன்று உண்டு. அதன் அடியில் நிலக்கரிச் சுரங்கம். சிறுவயதில் அந்தச் சுரங்கத்தில் வேலை செய்து, பிறகு 1962-ல் உலக சாம்பியனான ழான் ஸ்டாப்லின்ஸ்கிதான் அந்தப் பாதையைப் பந்தயத்துக்குச் சொல்லிக்கொடுத்தார். 1968-ல் முதல் முறையாக வண்டிகள் அதில் இறங்கின. சுரங்கம் 1989-ல் மூடியது. 2012-ல் அந்தச் சுரங்கச் சீமையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக அறிவித்தது. கல் பெயர்ந்தால் ஊர்க்காரர்களும் ஆர்வலர்களும் மண்வெட்டியோடு வந்து சரிசெய்கிறார்கள். உழைத்தவன் காட்டிய பாதையை அந்த நாடு தன் பெருமையாக எடுத்துக்கொண்டது. எண்ணூரில் 1970-ல் ஓடத் தொடங்கிய அனல்மின் நிலையம் 2017-ல் நின்றுபோனது. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு நமக்கு விளக்கெரித்த அந்த இடத்தைப் பற்றி நாம் என்ன நினைவு வைத்திருக்கிறோம்?

முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேர்கிறது. 1806-ல் மதராசிலிருந்து வெட்டி, பின்னாளில் பக்கிங்காம் என்று பெயர் பெற்ற கால்வாய் இந்த உப்பங்கழியைத்தான் வந்து தொட்டது. தூண்டிலும் வலையும் பைபர் போட்டும் இன்னும் இருக்கின்றன. 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் ஒதுங்கியபோது எர்ணாவூர்க் கரையில் அதை வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள்ளேயே வந்து அலையாத்திச் செடிகளைக் கருப்பாக்கியது. அதே மாதக் கடைசியில் ஒரு நள்ளிரவு அமோனியா கசிந்து குப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

இதையெல்லாம் நான் விசாரித்துக்கொண்டிருந்தபோது மீன் கூடையின் முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் குறுக்கிட்டார். “ஆறு கெட்டுப்போச்சுன்னு போட்டோ புடிக்க எல்லாரும் வராங்கப்பா. மீன் வாங்கத்தான் ஒருத்தரும் வர்றதில்ல.” எண்ணூர் மீன் என்று சொன்னாலே சந்தையில் விலை இறங்கிவிடுகிறதாம்.

ஆற்றின் அக்கரைக்கு நான் மீஞ்சூர் சுற்றி வேறொரு நாள் போனேன். அத்திப்பட்டுப் பக்கம் வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டை இருக்கிறது. சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே தள்ளுகிறார்கள். குழாய் கசிந்த இடங்களில் அது வழிந்து, காய்ந்து, பாதையாகவே கிடக்கிறது. அதில் சைக்கிள் ஓட்டுவது மாவில் ஓட்டுவது மாதிரி. டயர் சத்தமே கேட்காது, பின்னால் வெள்ளையாகப் புகை எழும். கிராவல் சைக்கிள் விளம்பரங்களில் வரும் பிரான்ஸ் பாதையின் அதே வெள்ளை. குட்டையை ஒட்டிய செப்பாக்கத்தில் துணி காயப்போடும் பெண்கள் கொடியை முதலில் துடைத்துவிட்டுத்தான் போடுகிறார்கள். வாயைத் துணியால் கட்டாமல் அந்தப் பாதையில் போகாதீர்கள். கட்டிக்கொண்டாலும் அதிக நேரம் நிற்காதீர்கள். அங்கேயே வாழும் குழந்தைகளுக்கு அந்த வசதி இல்லை. குட்டையை மூடுவதும் குழாயை மாற்றுவதும் யாருக்கும் தெரியாத வித்தையில்லை; செய்யவேண்டும், அவ்வளவுதான்.

போக நினைப்பவர்கள் ஞாயிறு விடியலில் கிளம்புங்கள். டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். ஜல்லியோடு கம்பித் துண்டும் கிடக்கும் என்பதால் இரண்டு டியூப் எடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் இடப்பக்கம் நுழையவே நுழையாதீர்கள். திரும்பும்போது கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ நூடுல்ஸ் கிடைக்கும், ஆனால் அது மாலைக் கடை. காலையில் போகிறவர்கள் முகத்துவாரத்தில் மீன் வாங்குங்கள். மடவை நன்றாக இருக்கும். கேரியர் இல்லாத சைக்கிள் என்றால் முதுகில் ஒரு பை மாட்டிக்கொள்ளுங்கள், அக்கா ஐஸ் போட்டுக் கட்டித்தருவார்.