ஆறரைக் கட்டையில் ஒரு பெட்டி

ஏழு இறக்கை கொண்ட விசிறி நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால் விநாடிக்குச் சுமார் 117 முறை காற்றை வெட்டுகிறது. 117 ஹெர்ட்ஸ் என்பது ஆர்மோனியத்தில் ஆறரைக் கட்டை. என் மேசைக்கடியில் இருந்த கணினி அந்தச் சுருதியில்தான் வருடக்கணக்காக முழங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தவர் ஒரு கட்டையில் பாடுகிற என் மாமா. வீட்டில் பதிவு செய்த தன் ஆலாபனையை ஹெட்போனில் கேட்டுவிட்டு, "மாப்ளே, தம்புராவுக்குப் பின்னாடி இன்னொருத்தன் சுருதி போடறானே, யாருடா அவன்?" என்றார். வீட்டில் எல்லோரும் 'கம்ப்யூட்டர் சத்தம்' என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிற சங்கதி, பாடகர் காதில் ஒரு சுரமாக விழுந்திருந்தது.

பழைய கணினி பத்து ட்ராக் சேர்ந்தாலே திணறியதால், பாகங்களை வாங்கி நானே புதிதாக ஒன்றை அசெம்பிள் செய்யும் ஏற்பாட்டில் அப்போது இருந்தேன். மாமாவின் கேள்வி அந்த ஏற்பாட்டின் வரிசையை மாற்றியது. எதை வாங்கலாம் என்பது பின்னுக்குப் போய், அந்தச் சத்தம் எங்கே பிறக்கிறது என்பது முன்னுக்கு வந்தது.

முதலில் அறையை மட்டும் பதிவு செய்தேன். மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்தி, சன்னலைச் சாத்தி, ஆளில்லாத அறையில் மைக்கை ஓடவிட்டேன். இன்றைய கண்டென்சர் மைக்குகள் அவ்வளவு அமைதியானவை. ரோடு நிறுவனத்தின் என்டி1 மைக் தானாக எழுப்பும் இரைச்சல் 4.5 டெசிபல்தான். அதனால் அறையில் இருப்பது எதுவும் அதற்குத் தப்பாது. பதிவை அலைவரிசைப் படமாக விரித்துப் பார்த்தபோது அடியில் மூன்று சிகரங்கள் நின்றன: 100, 117, 120 ஹெர்ட்ஸ். அவற்றுக்கு வெகு மேலே ஒரு மெல்லிய கீச்சு.

ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். 100 ஹெர்ட்ஸ் கணினியுடையதே இல்லை; சுவரோரம் இருந்த இன்வெர்ட்டரின் டிரான்ஸ்ஃபார்மர். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுழற்சிக்குள் இரும்பு இரண்டு முறை காந்தமாகி இறுகித் தளர்வதால் அதன் உறுமல் இரட்டிப்பாக, 100இல் கேட்கும். 120 ஹெர்ட்ஸ் ஹார்டு டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று என்பது விநாடிக்கு 120. அந்த அதிர்வு கேபினெட்டின் தகரத்தில் ஏறி, தகரமே ஒலிபெருக்கியாகிவிட்டிருந்தது. 117, விசிறி. ஆக, மாமா கேட்ட 'இன்னொருத்தன்' உண்மையில் இரண்டு பேர். 117உம் 120உம் ஒன்றோடொன்று உரசி விநாடிக்கு மூன்று முறை 'வும் வும்' என்று அலை எழுப்பியதுதான் அவர் காதை உறுத்தியது. கணினிக்கு வேலை கூடி, விசிறி 1120 சுற்றை எட்டினால் 117 மெல்ல ஏறி 131 ஹெர்ட்ஸாகும். அது சரியாக மாமாவின் ஒரு கட்டை ஆதார ஷட்ஜம். பாட்டுக்கு நடுவே அப்படி ஊர்ந்து வந்து சேருகிற ஒலியை மென்பொருளால் குரலைக் காயப்படுத்தாமல் பிரித்தெடுப்பது கடினம்.

மேலே இருந்த கீச்சு வேறு வகை. மைக்கைக் கழற்றிய பிறகும் அது பதிவில் இருந்தது, மவுஸை அசைத்தால் மாறியது. அப்படியென்றால் அது காற்று வழியாக வரவில்லை, கம்பி வழியாக வருகிறது. கணினி ஒரு பிளக்கிலும் ஸ்பீக்கர்கள் வேறொரு பிளக்கிலும் இருந்ததால் இரண்டு எர்த்துக்கும் நடுவே சிறு மின்னோட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்கான எர்த் உள்ள ஒரே பலகைக்கு மாற்றியதும் கீச்சு போய்விட்டது. செலவு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்.

அறைக்குள் பிறப்பிடம் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு கேள்வி விடவில்லை. இசைக்கான கணினி தொடக்கத்திலிருந்தே இப்படித்தான் இரைந்ததா?

இல்லை. 1983 ஜனவரியில் அமெரிக்காவின் அனஹைம் நகரில் நடந்த 'நாம்' (NAMM) இசைக்கருவிக் கண்காட்சியில், சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600 கீபோர்டையும் ரோலண்டின் ஜூபிட்டர்-6 கீபோர்டையும் ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றை வாசித்தால் மற்றது ஒலிப்பதைக் காட்டினார்கள். அதுதான் மிடி. அதைக் கொண்டுவருவதில் முன்நின்ற டேவ் ஸ்மித்துக்கும் இக்குதாரோ காக்கேஹாஷிக்கும் 2013இல் தொழில்நுட்ப கிராமி கிடைத்தது. 1985இல் வந்த அடாரி எஸ்டி கணினியின் உடம்பிலேயே மிடி துளைகள் இருந்தன. ஐரோப்பிய ஸ்டூடியோக்கள் அதை வாரி அணைத்துக்கொண்டன. 1989இல் கியூபேஸ் என்ற இசை மென்பொருள் பிறந்தது அதற்காகத்தான். அந்த அடாரி 520 எஸ்டியில் விசிறியே கிடையாது. மின்சாரப் பெட்டிகூட வெளியே தனியாக இருந்தது.

ஏன் அதற்கு விசிறி தேவைப்படவில்லை? அந்தக் கணினி தானாக ஒலி எதையும் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற உத்தரவை மட்டும் விநாடிக்கு 31,250 பிட் வேகத்தில் அனுப்பியது. ஒலி பிறந்ததெல்லாம் வெளியே அடுக்கி வைத்திருந்த சிந்தசைசர்களில். 1986இல் 'புன்னகை மன்னன்' படத்துக்கு இளையராஜா சீக்வென்சரைப் பயன்படுத்தினாரே, அதுவும் இதே ஏற்பாடுதான். கட்டளை ஓரிடம், ஒலி வேறிடம்.

1996இல் ஸ்டைன்பெர்க் நிறுவனம் விஎஸ்டி என்ற ப்ளக்-இன் முறையைக் கொண்டுவந்தது. எதிரொலியும் ஈக்வலைசரும் மென்பொருளாகிக் கணினிக்குள் வந்தன. 1999இல் அதன் இரண்டாம் பதிப்போடு வாத்தியங்களே உள்ளே நுழைந்தன. இடையில் 1998இல் ஜிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள், பியானோவின் ஒவ்வொரு கட்டையையும் முழு நீளத்தில் பதிவு செய்து ஹார்டு டிஸ்கிலிருந்து நேரடியாக ஓடவிட்டது. ஒரு காலத்தில் ஸ்டூடியோச் சுவரை மறைத்து நின்ற கருவிகள் எல்லாம் புராசஸருக்குள் குடியேறின. அவற்றின் வெப்பமும் அங்கேயே குடியேறியது. அந்த வெப்பத்தை விரட்ட வந்த விசிறி, மைக் இருக்கும் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. என் தேடலில் கிடைத்த முக்கியமான விடை இதுதான் என்று நினைக்கிறேன். வாத்தியங்களுக்குக் கணினிக்குள் இடம் கொடுத்ததற்கு நாம் கொடுத்த விலை இந்த இரைச்சல்.

விசிறியைச் சும்மா பிடுங்கி எறிந்தால் என்னாகும் என்பதற்கும் சரித்திரத்தில் சாட்சி உண்டு. 1980இல் ஆப்பிள் III கணினியை விசிறி இல்லாமலே தயாரித்தார்கள். அது சூட்டுக்கும் பழுதுக்கும் பெயர் போனது. எதிர்த் திசையில், 2002இல் வந்த பவர் மேக் ஜி4 போட்ட சத்தத்துக்கு 'விண்ட் டனல்' என்றே பட்டப்பெயர் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆப்பிள் கொண்டுவந்த ஜி5இல் ஒன்பது விசிறிகள்! ஆனால் பெட்டியை நான்கு வெப்பப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு விசிறியையும் தேவைக்கேற்ப மெதுவாகச் சுழலவிட்டார்கள்.

விசிறியின் கணக்கை இங்கே சொல்லியாக வேண்டும். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகிறது. இரைச்சலோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்குகிறது. காற்றில் இழப்பது பாதி, அமைதியில் பெறுவது ஏராளம். 120 மில்லிமீட்டர் விசிறி தரும் காற்றை 140 மில்லிமீட்டர் விசிறி மூன்றில் இரண்டு பங்கு வேகத்துக்கும் குறைவாகவே சுழன்று தந்துவிடும். ஆகவே பெரியது, மெதுவானது.

மெதுவான காற்றால் வெப்பத்தை வாங்க முடிவதற்குக் காரணம் ஹீட் பைப் எனும் செம்புக் குழாய். அதன் பூர்வீகத்தைத் தேடியபோதுதான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்த ரிச்சர்ட் காக்லர் 1944இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார், யாரும் சீந்தவில்லை. 1963இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் அதைத் தனியாகக் கண்டடைந்து உருவாக்கிக் காட்டினார். 1967இல் அது விண்வெளியில் சோதிக்கப்பட்டது. அலாஸ்காவின் எண்ணெய்க் குழாய்த் தடத்தில், அடியில் இருக்கும் உறைநிலம் உருகிவிடாமல் காப்பதும் இதே தத்துவம். மூடிய குழாய்க்குள் காற்றை உறிஞ்சிவிட்டுச் சிறிதளவு நீர் விடுகிறார்கள். சூடான முனையில் நீர் ஆவியாகி ஓடுகிறது, குளிர்ந்த முனையில் வெப்பத்தை இறக்கிவிட்டு மறுபடி நீராகிறது, உட்சுவரின் நுண்துளைகள் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல அதைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன. மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. நான் வாங்கிய நாக்டுவா என்எச்-டி15 கூலரில் இப்படி ஆறு குழாய்கள், இரண்டு பெரிய விசிறிகள். எடை 1.3 கிலோவுக்கு மேல், உயரம் 165 மில்லிமீட்டர். கேபினெட் அதற்கு இடம் தருமா என்று அளந்துவிட்டு வாங்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கணினிக் கடையில் ஏறினாலும், "கேமிங்கா சார், எடிட்டிங்கா?" என்றுதான் கேட்கிறார்கள். இசை என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு மிக விலையுயர்ந்த புராசஸரை எடுத்துக் காட்டுகிறார்கள். இன்டெலின் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். எனக்கு அது வேண்டாம். நான் எடுத்தது ஏஎம்டி ரைசன் 7 7700: எட்டு கோர், 65 வாட் வகை, உச்சத்தில் 88 வாட். ஒரு ட்ராக்கில் வரிசையாக மாட்டிய ப்ளக்-இன்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் ஓட முடியும் என்பதால் கோர்களின் எண்ணிக்கையைவிட ஒரு கோரின் வேகம் இசைக்கு முக்கியம். அது இதில் 5.3 கிகாஹெர்ட்ஸ் வரை போகிறது. படம் காட்டும் சில்லும் உள்ளேயே இருப்பதால் கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், அதன் விசிறிகளும் வேண்டாம். ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி. 120 ஹெர்ட்ஸ் அத்தோடு ஒழிந்தது. சாம்பிள் வாத்தியங்களுக்காக ராம் 64 ஜிபி. எஸ்எம்பிஎஸ் 750 வாட், குறைந்த சுமையில் விசிறி தானே நின்றுவிடும் வகை.

கேபினெட்டில் என் தீர்ப்பு பலருக்குப் பிடிக்காது. ஃபோம் ஒட்டி மூடிய 'சைலன்ட்' பெட்டிகள் நம் ஊருக்கு ஒத்துவராது. விற்பனைத் தாள்களில் இருக்கும் வெப்ப அளவுகள் இருபது டிகிரிச் சில்லறை அறையில் எடுத்தவை. பதிவின்போது ஏசியை நிறுத்தினால் கத்திரி வெயிலில் சென்னை அறை 36 டிகிரியைத் தொடும். அந்தக் கூடுதல் வெப்பம் அப்படியே புராசஸர் மேல் ஏறும். அதனால் முகப்பு முழுக்க வலையாக உள்ள கேபினெட், முன்னால் இரண்டு 140 மில்லிமீட்டர் விசிறிகள், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி.

விசிறி வேகத்தை மதர்போர்டின் விருப்பத்துக்கு விடவில்லை. புராசஸர் ஒரு நொடி சூடானாலும் அது பதறிப்போய் விசிறியை விரட்டும். நிலையான ஒலியை மனம் மறந்துவிடும், ஏறி இறங்கும் ஒலியை மறக்காது. 75 டிகிரி வரை எல்லா விசிறிக்கும் 500 சுற்று என்று கட்டிவிட்டேன். கூலரின் ஏழு இறக்கை விசிறி இப்போது 58 ஹெர்ட்ஸில் முழங்குகிறது. அதே ஆறரைக் கட்டை, ஒரு ஸ்தாயி கீழே. மாமாவின் மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். 80க்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் அவர் குரலில் ஒரு துளியும் குறையாது, விசிறியின் முழக்கம் போய்விடும்.

இரைச்சல் அடங்கிய பிறகும் பதிவில் இடையிடையே 'படக்' என்று ஒரு வெட்டு கேட்டது. 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்றால் கணினிக்கு ஒவ்வொரு துண்டுக்கும் கிடைப்பது 2.7 மில்லிவிநாடி. அதற்குள் ஏதாவது ஒரு டிரைவர் குறுக்கே வந்து நின்றால் துண்டு தவறிவிடும். லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டதில் அகப்பட்டது வைஃபை டிரைவர். பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்துவிடுகிறேன், வெட்டு வருவதில்லை.

நீங்களும் வீட்டில் இசைக் கணினி அசெம்பிள் செய்யப் போகிறீர்கள் என்றால், கடைக்குப் போவதற்கு முன்னால் உங்கள் ஆளில்லாத அறையைச் சில நிமிடம் பதிவு செய்து, சிகரங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். விசிறியின் இறக்கைகளை எண்ணுங்கள், இன்வெர்ட்டரை அணைத்துப் பாருங்கள், எர்த்தைச் சரிபாருங்கள். பாகங்களின் பட்டியலை அதற்குப் பிறகு எழுதுங்கள்.