பளபளப்பின் மேல் பெயிண்ட் நிற்காது



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். கவிதை எனக்கு வராது. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு பம்பர்தான். அதனால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பாடாலூர். திருச்சியிலிருந்து சென்னை போகும் நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு முன்னால் வரும். ரோட்டோரத்தில் என் மாமா டிங்கரிங், பெயிண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். போன வருஷம் செமஸ்டர் லீவு முழுக்க நான் அங்கேதான் கிடந்தேன்.

ஒருநாள் ஓர் அண்ணன் தன் பழைய அம்பாசிடரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 1950களின் இறுதியில் வர ஆரம்பித்து 2014-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. இப்போது அதைக் கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுகிறார். பாடி நன்றாக இருந்தது. முன் பம்பரில்தான் குரோம் அங்கங்கே கொப்பளித்து, துரு எட்டிப் பார்த்தது. "மறுபடி குரோம் போட்டா கட்டுபடியாகாது. கறுப்பு பெயிண்ட் அடிச்சுக் கொடுத்துடுங்க, வியாழக்கிழமை கல்யாணம் இருக்கு" என்றார்.

மாமா அன்றைக்கு ஒரு துக்கத்துக்குப் போக வேண்டியிருந்தது. "நான் பாத்துக்கிறேன் மாமா" என்றேன். சோப்புத் தண்ணீரில் கழுவினேன், துடைத்தேன், துரு இருந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்தேன். கன்னை எடுத்து இரண்டு கோட் அடித்தேன். முகம் பார்க்கலாம் போல மின்னியது! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணத்தன்று பூ அலங்காரம் செய்தவர்கள் மாலையை டேப் போட்டு பம்பரில் ஒட்டியிருக்கிறார்கள். ஊர்வலம் முடிந்து டேப்பை உரித்தபோது கூடவே என் பெயிண்டும் வாழைப்பட்டை மாதிரி நீளமாக வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் முன்னால் அந்த அண்ணனுக்கு அவமானம். மறுநாள் வந்தவர் சத்தம் போடவில்லை. "படிக்கிற புள்ளைன்னு நம்பி விட்டேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

மாமா பம்பரை விரலால் சுரண்டிப் பார்த்தார். "மாப்ளே, பளபளப்பைச் சாகடிக்காம அது மேல எதுவும் நிக்காதுடா" என்றார்.

நண்பர்களே, இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? பெயிண்ட் அடிக்கும் முன் மேற்பரப்பை எப்படித் தயார் செய்ய வேண்டும் என்ற கேள்விக்குப் பரீட்சையில் நான் முழு மார்க் வாங்கியவன்!

அன்று இரவு நோட்டைப் புரட்டினேன். பம்பர் இரும்பின் மேல் நிக்கல் பூச்சு, அதற்கு மேல்தான் குரோமியம். அந்தக் குரோமியம் ஒரு மைக்ரான்கூட இருக்காது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். அதன் மேல் காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் உருவாகும். குரோமியம் அரிக்கப்படாமல் காப்பது அதுதான். வழவழவென்று இருப்பதால் பெயிண்டுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. பூச்சில் உள்ள நுண் துளைகள் வழியாக ஈரம் இறங்கும்போது உள்ளே இரும்பு துருப்பிடித்து, பூச்சையே மேலே தூக்கிவிடுகிறது.

மறுநாள் மாமாவும் நானும் மறுபடி ஆரம்பித்தோம். பம்பரைக் கழற்றிக் கழுவி, தின்னரில் துணி நனைத்து எண்ணெய்ப் பசையை எடுத்தோம். தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்யாவிட்டால் பசை கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உரிந்த இடங்களை இரும்பு தெரியும்வரை தேய்த்தோம். உறுதியாக இருந்த குரோமை 120 நம்பர் எமரி பேப்பர், பிறகு 220 நம்பர் என்று தேய்த்து, எங்கும் ஒரு மினுக்குக்கூட இல்லாமல் மங்கலாக்கினோம். உடனே ஈரம் போகத் துடைத்து உலர்த்தினோம். கை படாமல் அன்றைக்கே இரண்டு பொருள் கலந்து அடிக்கும் எபாக்ஸி பிரைமர். அது நன்றாகக் காய்ந்ததும் 400 நம்பர் வாட்டர் பேப்பர். கடைசியில்தான் கறுப்பு. முதல் தடவை அரை நாள் வேலை. இந்தத் தடவை மூன்று நாள்.

நடுவில் எனக்கு ஒரு யோசனை வந்தது. காஸ்டிக் சோடா கரைசலில் போட்டு பேட்டரி கரண்ட் கொடுத்தால் குரோம் தானாகக் கழன்றுவிடுமே! எங்கள் சாருக்குப் போன் செய்தேன். "செய்யாதே. கரைந்து வருவது ஆறு இணைதிறன் குரோமியம். புற்றுநோய் விஷம். கொல்லையில் கொட்டினால் கிணற்றுக்குப் போகும்" என்றார். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலையாகக் குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்ததையும், 2006-ல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் அந்த ஊர் வந்ததையும் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அப்போதுதான் மாமாவைக் கவனித்தேன். எத்தனையோ வருஷமாக கிரைண்டரை வைத்துக் காய்ந்தபடியே தேய்க்கிறார். மூக்கில் துணிகூடக் கட்டுவதில்லை. ராத்திரி இருமல் வேறு. "மாமா, தண்ணி தொட்டு கையால தேய்ப்போம், தூசி பறக்காது. கிரைண்டர் போட்டே ஆகணும்னா நல்ல மாஸ்க் போடுங்க" என்றேன். "எனக்கே பாடமாடா?" என்று சிரித்தார். பிறகு, "சரி, அது ஏன் ஒட்ட மாட்டேங்குது, சொல்லு" என்று கேட்டார். பட்டறைத் தரையில் சாக்பீஸால் இரும்பு, நிக்கல், குரோம் என்று கோடு போட்டுக் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படிக்க வந்தவன் நான். படித்ததை வீட்டில் ஒருவர் கேட்டு நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

பெயிண்ட் காய்ந்து ஒரு வாரம் கழித்து, பம்பரின் உள்பக்க ஓரத்தில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தேன். கம்பெனிகளில் ஒட்டுதலைச் சோதிக்கும் முறையும் இதுதான். டேப் வெறுமனே வந்தது. கீறிய இடத்தைத் தொட்டு அடித்து, இரண்டாம் தடவைக்குக் காசு வாங்காமல் வண்டியைக் கொடுத்தோம். அந்த அண்ணன் நகத்தால் ஒரு தரம் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவியை வாங்கினார். அது நியாயம்தானே!

இப்போது பட்டறையில் கிரைண்டருக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கிறது. மாஸ்க்கை மாமா பாதி நாள் கழுத்தில்தான் போட்டிருக்கிறார். அடுத்த லீவில் அதை மூக்குக்கு ஏற்ற வேண்டும்.

நண்பர்களே, மார்க் ஷீட் பளபளவென்று இருக்கலாம். வேலை கையில் நிற்க வேண்டுமென்றால் நம்மையும் கொஞ்சம் தேய்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.